விண்மீனும் பஞ்சாங்கமும்



கொள்ளேகாலைச் சூழ்ந்த சிற்றூர்களில் கன்னடம் பேசும் உழவர்கள் மழையை நட்சத்திரத்தின் பெயரால் அழைப்பது வழக்கம். ரோகிணி மழை, மிருகசீரிட மழை, ஆருத்ரா மழை என்பர். ஒவ்வொன்றும் 13 அல்லது 14 நாள் கொண்ட காலப் பகுதியாகும். ஞாயிறு தன் ஆண்டுப் பாதையில் 27 நட்சத்திரங்களையும் கடந்து செல்லும் கணக்கே இது.

இதில் ஒரு வியப்பு உண்டு. ரோகிணி மழைக் காலத்தில் ரோகிணியை வானிற் காண இயலாது. ஞாயிறு அதன் அருகே நிற்பதால் அம்மீன் ஒளியில் மறைந்துவிடும். காணாத மீனின் பெயரை நம் முன்னோர் எங்ஙனம் அறிந்தனர்? விடியலுக்கு முன் கிழக்கே எழும் மீன்களையும், அந்திக்குப்பின் மேற்கே வீழும் மீன்களையும் ஆண்டுதோறும் நோக்கினால் ஞாயிற்றின் இருப்பிடம் தானே புலப்படும். நெடுநாள் நோக்கிய கண்களின் பயனே அப்பெயர்கள்.

நோக்கியது பின்னர்க் கணக்காயிற்று; கணக்கு மனப்பாட வாக்கியமாயிற்று. 1825-இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர், நூலோ ஏடோ கொள்ளாது, தரையிற் சோழிகளைப் பரப்பி ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை வாரன் என்னும் அறிஞர் குறித்துவைத்தார். கிரகணத்தின் தொடக்கம் சில நிமிடமே பிழைத்தது. முடிவோ முக்கால் மணிக்கு மேல் பிழைத்தது. அக்கணிதரின் நினைவாற்றல் போற்றுதற்குரியது. ஆயினும் பழைய கணக்கை வானோடு ஒப்பிட்டுத் திருத்தாவிடின் பிழை வளரும் என்பதும் வெளிப்படை.

அவ்வொப்பீட்டைச் செய்ய முன்வந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1792-இல் கட்டப்பெற்ற சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் அவர் முதல் உதவியாளராய் விளங்கினார். 1867-இல் தென்வானத்தின் ரெட்டிகுலம் என்னும் மண்டலத்தில் ஒளி கூடியும் குறைந்தும் தோன்றும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1871 டிசம்பர் 12-இல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைச் சென்னை நிலையக் குழுவினர் அவினாசியில் நோக்கினர். அவினாசி, அந்நாளில் கொள்ளேகாலும் அடங்கியிருந்த கோவை மாவட்டத்து ஊராகும்.

ரகுநாதாச்சாரி தம் அறிவை அரசாங்க ஏடுகளுக்குள் அடைத்துவைத்தாரல்லர். நேர்க்காட்சியோடு பொருந்தும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டார். 1874 டிசம்பர் 9-இல் சுக்கிரன் ஞாயிற்று வட்டத்தைக் கடக்கும் காட்சியை யாவரும் உணருமாறு ஒரு சிறுநூல் எழுதினார். அது ஆங்கிலம், கன்னடம், உருது முதலிய மொழிகளில் வெளிவந்தது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அவர்தம் கண்டுபிடிப்பினும் இத்தொண்டே பெரிதாகத் தோன்றுகிறது. மக்கள் தம் மொழியிற் கேளாத உண்மை அவர்தம் வாழ்விற் புகுவது அரிதன்றோ?

இன்று நம்மிடம் காவலூரில் 1986-இல் தொடங்கப்பெற்ற 2.34 மீட்டர் தொலைநோக்கி உண்டு. கடைத்தெருவிலோ வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் அருகருகே விற்கின்றன. எது சரி என்று பிறரைக் கேட்க வேண்டுவதில்லை. அடுத்த சந்திர கிரகணத்தன்று இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, கடிகாரத்துடன் முற்றத்தில் நில்லுங்கள். நிலவின் விளிம்பு கருக்கும் கணத்தையும், அது மீண்டும் முழுதாகத் தெளியும் கணத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தீர்ப்பை வானமே சொல்லும்.