மூச்சும் சுவாசமும்



உயிரியல் ஆசிரியர்களின் கருத்தரங்கில் தலைமை உரை என்றால் துறையின் வளர்ச்சியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து வாழ்த்திவிட்டு அமர்வது வழக்கம். இன்று அதை விட்டுவிட்டு ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேச அனுமதி கேட்கிறேன். 'சுவாசம்' என்ற சொல். அந்தச் சொல்லை நாம் கற்பிக்கும் விதத்தில் பல ஆண்டுகளாக ஒரு பிழை நடந்துவருகிறது. அதில் எனக்கும் பங்கு உண்டு.

விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போய்வந்தவர்கள் எல்லாரும் இந்த வரியைப் பார்த்திருப்பீர்கள்: "தாவரங்கள் பகலில் ஒளிச்சேர்க்கை செய்கின்றன; இரவில் சுவாசிக்கின்றன." பெரும்பாலும் முத்து முத்தான கையெழுத்தில், அடிக்கோடு போட்டு எழுதியிருக்கும். படிக்காத பிள்ளை எழுதும் வரி இல்லை இது. கவனமாகப் படித்த பிள்ளை எழுதுவது. அதனால்தான் எனக்கு வலிக்கிறது. செடி பகலிலும் சுவாசிக்கிறது, இரவிலும் சுவாசிக்கிறது. வேரும், விதையும், பூவும், தண்டும் ஒரு நொடி விடாமல் சுவாசிக்கின்றன. வெயில் இருக்கும்போது இலை தன் சுவாசத்தில் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடைத் தானே எடுத்துக்கொண்டு, அதைவிடப் பல மடங்கை வெளிக்காற்றிலிருந்தும் உறிஞ்சிக்கொள்வதால் சுவாசம் நம் கண்ணில் படுவதில்லை. இருட்டியதும் மறைப்பு விலகுகிறது, அவ்வளவுதான்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது? நம் மேல்நிலை வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். உயிரி-தாவரவியல் ஒரு புத்தகம், உயிரி-விலங்கியல் இன்னொரு புத்தகம். பெரும்பாலான பள்ளிகளில் இரண்டு ஆசிரியர்கள், இரண்டு நோட்டு, தேர்விலும் தனித்தனிப் பகுதி. செல்லுக்குள் சர்க்கரை உடைந்து ஆற்றல் வெளியாகும் படிகளான கிளைக்காலிஸிசும் கிரெப்ஸ் சுழற்சியும் தாவரவியல் புத்தகத்தில் வருகின்றன. நுரையீரலும் காற்று நுண்ணறைகளும் ஹீமோகுளோபினும் விலங்கியல் புத்தகத்தில் வருகின்றன. இரண்டு பாடத்துக்கும் பெயர் சுவாசம்தான். ஒரு பதினாறு வயதுப் பிள்ளை என்ன முடிவுக்கு வரும்? கிரெப்ஸ் சுழற்சி செடிக்கு உரியது, நுரையீரல் மனிதனுக்கு உரியது என்றுதான் வரும். தன் கால் கட்டைவிரலின் தசையில், இந்த நொடியில், அதே கிரெப்ஸ் சுழற்சி ஓடுகிறது என்பதை அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லவே இல்லை. தாவரவியல் ஆசிரியர் விலங்கியல் ஆசிரியர் சொல்வார் என்று விட்டுவிடுகிறார்; விலங்கியல் ஆசிரியர் அது தாவரவியலில் முடிந்துவிட்டது என்று விட்டுவிடுகிறார்.

இந்த இரண்டு பாடங்களும் எங்கே சேர்கின்றன என்று பாருங்கள். நாம் ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலிட்டர் ஆக்சிஜன் நம் உடலுக்குத் தேவைப்படுகிறது. அதைக் கொண்டுசேர்க்க இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தத்தை இறைக்கிறது. இவ்வளவு பெரிய ஏற்பாடும் எதற்காக? செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் வாசலில் ஆக்சிஜனைக் கொண்டுபோய் வைப்பதற்காக. நுரையீரல், ரத்தம், இதயம் என்று மூன்று பாடமாக நடத்துகிறோமே, மூன்றும் ஒரே சரக்கு வண்டியின் பாகங்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி சிவப்பணுவைப் பற்றியது. முதிர்ந்த மனிதச் சிவப்பணுவுக்குள் நியூக்ளியஸ் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. ஏறத்தாழ 120 நாள் ஆக்சிஜனைச் சுமந்துகொண்டு உடல் முழுவதும் ஓடுகிறது. சுமக்கும் சரக்கிலிருந்து தனக்கென்று ஒரு துளிகூட எடுத்துக்கொள்வதில்லை. இதைச் சொல்லும்போது கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும், நான் பார்த்திருக்கிறேன்.

மூச்சும் செல்லில் நடக்கும் சுவாசமும் வேறு வேறு என்று புரிந்துகொள்ள அறிவியலுக்கே நெடுநாள் ஆயிற்று. 1780களில் லவாய்சியரும் லப்லாசும் ஒரு சீமைப்பெருச்சாளியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் வைத்து, உருகிய நீரை அளந்து, உயிரின் சுவாசமும் கரி எரிவதும் ஒரே வகை வேலை என்று காட்டினார்கள். அவ்வளவு பெரிய மேதை லவாய்சியரே அந்த எரிதல் நுரையீரலில் நடப்பதாகத்தான் கருதினார். எனவே நம் மாணவர் தடுமாறுவதில் வியப்பில்லை. ஆனால் லவாய்சியருக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. விடை நம் கையில் இருக்கிறது. நுரையீரலில் நடப்பதை 'மூச்சு' என்றும், செல்லில் நடப்பதைச் 'செல் சுவாசம்' என்றும் வகுப்பறையில் விடாப்பிடியாகப் பிரித்துச் சொல்வோம் என்று இந்தக் கருத்தரங்கு முடிவெடுத்தாலே பாதி வேலை முடிந்தது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் செல்லைக் கலம் என்றும் மைட்டோகாண்ட்ரியாவை இழைமணி என்றும் எழுதுகின்றன. இழை போலவும் மணி போலவும் தோன்றுவதால் இழைமணி. மூலச் சொல்லின் கிரேக்க வேர்களுக்கும் அதே பொருள்தான். நம் வகுப்பிலும் ஒருமுறை அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு நுண்ணோக்கிப் படத்தைக் காட்டுங்கள், பிள்ளைகளுக்கு மறக்காது.

அந்த இழைமணியில் விளைந்து செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உடலில் ஒரு நேரத்தில் இருக்கும் ஏடிபி கிராம் கணக்கில்தான். ஒரு நாளில் உடைந்து, மீண்டும் உருவாகி, மீண்டும் உடைந்து புரளும் அளவோ நம் உடல் எடையைத் தொட்டுவிடும். ஏடிபியை 1929இல் ஜெர்மனியில் கார்ல் லோமன் கண்டறிந்தார். அதே ஆண்டில் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயோடு சேர்ந்து கண்டறிந்தவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். கதர் அணிந்ததற்காக எம்.பி.பி.எஸ். பட்டம் மறுக்கப்பட்டு, அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர். நம் சென்னைப் பிள்ளைகள் அவர் படித்த தெரு வழியாகத்தான் கிரிக்கெட் பார்க்கப் போகிறார்கள். ஏடிபி பாடத்தில் இரண்டு நிமிடம் அவருக்காக ஒதுக்கக் கூடாதா?

இனி, தொடக்கத்தில் சொன்ன இரவுச் சுவாசத்தோடு ஒட்டி வரும் புளிய மரத்துக்கு வருகிறேன். இரவில் புளிய மரத்தடியில் படுக்கக் கூடாது என்று நம் ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். பேய் பிடிக்கும் என்பார்கள். நாம் அறிவியல் ஆசிரியர்கள் ஆயிற்றே, பேயை விரட்டிவிட்டு அந்த இடத்தில் கார்பன் டை ஆக்சைடை உட்கார வைத்தோம். நானே பதினைந்து ஆண்டு அப்படி நடத்தினேன். ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "சார், எங்க வீட்ல ஒரே ரூம்ல அப்பாயி, அப்பா, அம்மா, நாங்க மூணு பேரு படுக்கிறோம். ஜன்னல்கூடக் கிடையாது. மரம் விடுறதைவிட நாங்க விடுறது கம்மியா?" என்று கேட்டாள். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வளர்ந்த ஒரு மனிதர் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறார். மூடிய அறையில் ஆறு பேர் விடுவதோடு ஒப்பிட்டால், திறந்த வெளியில் காற்றோடு காற்றாகக் கலந்துபோகும் ஒரு மரத்தின் இரவுச் சுவாசம் யாரையும் மூச்சுத் திணற வைக்காது. மறுநாள் வகுப்பில் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லியே திருத்திக்கொண்டேன். இந்த அச்சத்துக்கு மேற்கிலும் ஒரு வேர் உண்டு. செடி காற்றைச் செம்மைப்படுத்த வெளிச்சம் வேண்டும் என்று 1779இல் நிறுவிய இங்கன்ஹவுஸ், அதே நூலில், இருட்டில் செடிகள் காற்றைக் கெடுக்கின்றன என்றும் எழுதினார். அவர் கண்டது சரி; அளவைப் பற்றிய அச்சம்தான் மிகை. மேலும், அந்தப் புளிய மரத்தின் வைரம் பாய்ந்த கட்டையில் உள்ள கார்பன் முழுவதும் காற்றிலிருந்து எடுத்தது. நாம் விட்ட மூச்சும் அதில் கொஞ்சம் இருக்கும். மரம் மண்ணைத் தின்று வளர்கிறது என்று இன்றும் எழுதும் மாணவர்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

செல் சுவாசத்தைக் கண்ணால் காட்ட முடியாது என்பவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். கையால் தொட்டுக் காட்டலாம். காவிரிப் படுகையில் விதைநெல்லை ஊறவைத்து, சாக்கில் கட்டி, வைக்கோல் மூடி வைப்பார்கள். மறுநாள் சாக்குக்குள் கையை விட்டால் கதகதவென்று இருக்கும். விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரியும். சூடு அதிகமாகிவிட்டால் முளை கெட்டுவிடும் என்றும் தெரியும். அந்தச் சூடுதான் செல் சுவாசம் என்று மட்டும் நாம் சொல்லவில்லை.

இதையே வகுப்பில் செய்ய இரண்டு தெர்மாஸ் பிளாஸ்க், ஒரு படி பச்சைப்பயறு, இரண்டு வெப்பமானி போதும். ஒன்றில் முளைகட்டிய பயறு, மற்றதில் வேகவைத்து ஆறவைத்த பயறு. வாயைப் பஞ்சால் அடைத்து, வெப்பமானியைச் செருகிவிட வேண்டும். ஒரு வருடம் வெள்ளிக்கிழமை இப்படி வைத்துவிட்டுப் போனோம். சனிக்கிழமை சிறப்பு வகுப்பில் பார்த்தபோது முளைப்பயறு நாலைந்து டிகிரி ஏறியிருந்தது. வெந்த பயறு அறை வெப்பத்திலேயே இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. திங்கட்கிழமை காலை பார்த்தால் வெந்த பயறும் சுடுகிறது. "சார், செத்த பயறும் மூச்சு விடுது!" என்று ஒருவன் கத்தினான். வகுப்பே சிரித்தது. பாடமே கவிழ்ந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

முதல் வரிசையில் இருந்த ஒரு மாணவி பஞ்சை எடுத்து மோந்து பார்த்தாள். "ஊசிப்போன சுண்டல் வாசம் வருது சார்" என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அப்போ உள்ளே வேற யாரோ இருக்காங்க" என்றாள்.

பாக்டீரியாவைப் பற்றி நான் நடத்திய எந்தப் பாடமும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது. பயறு செத்துவிட்டது, அதைத் தின்னும் நுண்ணுயிரிகள் சுவாசிக்கின்றன, அந்தச் சூடுதான் இது. அன்று மதியம் வரை அந்த வகுப்பு இட்லி மாவைப் பற்றியே பேசியது. இரவில் ஊற்றிவைத்த மாவு காலையில் பானையைத் தாண்டி வழிகிறதே, அதுவும் உள்ளே இருக்கும் பாக்டீரியா, லூக்கோநாஸ்டாக் போன்றவை, ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைத்து வெளியிடும் வாயுவால்தான். கிரெப்ஸ் சுழற்சி வராத ஆற்றல் வழியும் ஒன்று இருக்கிறது என்பதை அவர்கள் தங்கள் அம்மாவின் மாவுப் பானையிலிருந்து தெரிந்துகொண்டார்கள். அடுத்த முறை வெந்த பயற்றைக் கிருமிநாசினி கலந்த நீரில் அலசி வைத்தோம். மூன்று நாளும் அது சூடாகவில்லை. அந்த மாணவி இன்று ஒரு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறார்.

ஆகவே இந்த இரண்டு நாளில் அவையோர் சிலவற்றை முடிவு செய்துதர வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன். மூச்சு, செல் சுவாசம் என்ற சொற்பிரிவை எல்லா வகுப்புகளுக்கும் பரிந்துரைக்கும் ஒரு குறிப்பு வேண்டும். தாவரவியல், விலங்கியல் ஆசிரியர்கள் இருவரும் சேர்ந்து ஒரே வகுப்பில் நின்று செல் சுவாசத்தை நடத்தும் இரண்டு பாடவேளைகளாவது ஒதுக்கப்பட வேண்டும். செய்முறை வகுப்பைத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் அவசரமாக முடித்துவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும் வழக்கத்தைப் பற்றி நாளைய அமர்வில் ஒளிவுமறைவில்லாமல் பேசுங்கள். அதில் எனக்குக் கோபம் உண்டு. பிள்ளைகள் கையில் பயறு இல்லாமல் சுவாசத்தைக் கற்பிக்க முடியாது.

இந்த அரங்கின் நுழைவாயிலில் மேசைமேல் இரண்டு பிளாஸ்க்குகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நேற்று மாலை ஆறு மணிக்கு நானும் இரண்டு மாணவர்களும் பயறு நிரப்பி வைத்தோம். எதில் எது இருக்கிறது என்று எழுதவில்லை. தேநீர் இடைவேளையில் வெப்பமானியைப் பார்த்து, பக்கத்தில் இருக்கும் தாளில் நேரத்தையும் அளவையும் குறித்துவிட்டு வாருங்கள். முதல் கட்டுரையை வாசிக்க வந்திருக்கும் தோழரை மேடைக்கு அழைத்து, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.