பாயில் உட்கார்ந்த ஆசிரியர்



ஆன்மிகவழிக் கல்வியில் சுதந்திரம் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பேச ஜே. கிருஷ்ணமூர்த்தியிடம்தான் போக வேண்டும். மதனப்பள்ளியில் 1895-ல் பிறந்தவர் அவர். உலக குரு என்று அவரைப் பீடத்தில் ஏற்ற ஒரு சங்கமே நடந்தது. 1929-ல், ஹாலந்தில், ஆயிரக்கணக்கான பக்தர்கள் முன்னால் அந்தச் சங்கத்தை அவரே கலைத்தார். தேடி வந்த பீடத்தை எவன் விடுவான், சொல்லுங்கள்? தட்டுங்கள், அவருக்குத் தட்டுங்கள்!

அவர் கனவில் எழுந்த பள்ளி ரிஷிவேலி. சாயங்காலம் பிள்ளைகள் பேசாமல் உட்கார்ந்து சூரியன் இறங்குவதைப் பார்ப்பார்கள். இஷ்டம்போல் ஆடுவதையா அவர் சுதந்திரம் என்றார்? இல்லை. பயம் போக வேண்டும், அடுத்த பிள்ளையோடு ஒப்பிடும் புத்தி போக வேண்டும் என்றார்.

பணக்காரப் பள்ளி என்பீர்கள். இருங்கள், வருகிறேன். ரிஷிவேலியைச் சுற்றியுள்ள கிராமத்துப் பிள்ளைகளுக்காகப் பிறந்ததுதான், பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்துப் பிள்ளை தன் வேகத்தில் படிக்கும் அட்டை முறை. 2003-ல் அதைச் சென்னை மாநகராட்சிப் பள்ளிக்குக் கொண்டுவந்தார் ஓர் அதிகாரி. பேர் சொல்ல மாட்டேன், ஆசிரியர்களுக்குத் தெரியும். உத்தரவு போட்டுவிட்டு உட்காரவில்லை அவர். நம் ஆசிரியர்களை ரிஷிவேலிக்கே அனுப்பிப் பழக வைத்தார். நாலைந்து வருஷத்தில் அந்த முறை தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுக்கப் போய்ச் சேர்ந்தது!

அந்த நாளில் அட்டை வகுப்புக்குள் போனால் ஆசிரியர் பிள்ளைகளோடு பாயில் இருப்பார். பிள்ளை கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. அம்மாவுக்குக் காய்ச்சல், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஒரு சிறுமி நாலு நாள் வரவில்லை என்று வையுங்கள். திரும்பி வந்ததும், பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப் படத்தில் தான் விட்ட படியைப் பார்ப்பாள். அட்டையை எடுப்பாள், உட்கார்ந்துவிடுவாள். பாடம் அவளை விட்டுவிட்டு ஓடியிருக்காது. அதுதான் ஐயா சுதந்திரம்!

அதை அட்டை விளையாட்டு என்று கேலி செய்தார்களே கட்டணப் பள்ளிக்காரர்கள், அவர்களைக் கேட்கிறேன். காலையில் தியான வகுப்பு என்று விளம்பரம் போடுகிறீர்கள். கண்ணைத் திறந்ததும் பிள்ளை கையில் ரேங்க் கார்டு! வாசலில் முதல் மார்க் வாங்கியவர்கள் பேனர். மற்ற பிள்ளைகள் தினமும் அதைத் தாண்டித்தானே உள்ளே போகின்றன? அந்த அவமானத்துக்குக் கட்டணம் வேறா?

அந்த அதிகாரியை மறுபடியும் சொல்கிறேன். மாநகராட்சிப் பிள்ளைக்கு இது போதும் என்று அவர் நினைக்கவில்லை. ரிஷிவேலியில் நல்லது எதுவோ அது நம் பிள்ளைக்கும் வேண்டும் என்று நினைத்தார்.

பெற்றோரைக் கைகூப்பிக் கேட்கிறேன். பள்ளி விட்டு வரும் பிள்ளையிடம் எத்தனையாவது ரேங்க் என்று இனிமேல் கேட்காதீர்கள்.