வேலியோரக் காந்தள்



நாகபுரி ரயில்வே காலனியில் நாங்கள் களையென்று பிடுங்கியெறிந்த கொடி, குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் முதலாவதாக நிற்கும் செங்காந்தளேயாம்! இங்குள்ளோர் அதனைக் கலிஹாரி என்பர். பூக்குமுன்னரே இனங்காணலாம், இலைநுனி சுருண்டு பற்றுக்கம்பியாகி வேலியைப் பிடிக்கும். பூத்தபின் ஐயமேயில்லை, ஆறு இதழ்கள் மேல்நோக்கி வளைந்து, மஞ்சள் மெல்லச் சிவப்பாகும்.

கிழங்கு கலப்பை வடிவினது. முளை நுனியில்தான் உண்டு. அதையறியாது மண்வெட்டியால் நுனியை ஒடித்து நட்டோம், முளைக்கவில்லை. மறு ஆண்டு கையால் அகழ்ந்து, நீர் தேங்காத இடத்தில் நட்டோம்; மழை தொடங்கியதும் எழுந்தது.

ஆயினும், கிழங்கு முதல் விதைவரை கால்ச்சிசின் என்னும் நஞ்சு உண்டு. வள்ளிக்கிழங்கென்று தின்று மாண்டோரும் உளர். ஆகவே, கிழங்கு வேண்டுவோர் பெரியவர்களே வாருங்கள். சிறுவரிடம் கொடுத்தனுப்ப மாட்டோம்.