கோப்புப் பட்டியலில் காணாமற்போன தோட்டம்



சித்தியவான், ஆயர் தாவார் வட்டாரத்துப் பழைய இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த முதியோரிடமிருந்து நாம் சொற்களைத் திரட்டி வந்தோம். பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால், லயம் என ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் ஒலிக்கோப்பு. கோப்புப் பெயர்கள் யாவும் ‘தோட்டம்’ என்று தொடங்கும். வேறு பல கோப்புகளிடையே கிடந்த இவற்றை மட்டும் பிரித்துப் படியெடுக்க விண்டோஸ் கணினியில் ஒரு பேட்ச் கோப்பை எழுதினோம். அதில் டிர் கட்டளைக்கு ‘தோட்டம்*’ என்னும் வடிவத்தைக் கொடுத்தோம். அச்சொல்லில் தொடங்கும் பெயர்கள் மட்டும் பட்டியலில் வரவேண்டும். தமிழ் சிதையாதிருக்கக் குறிமுறைப் பக்கத்தை 65001 என முன்னதாகவே மாற்றியிருந்தோம்.

பட்டியல் வந்தது, படியும் ஆயிற்று. மூலக் கோப்புறையை அழிக்கும் வேளையில், பெரட்டைப் பற்றி ஒரு மூதாட்டி பேசிய பதிவு படியில் இல்லை என்று ஒரு மாணவி கூறினார். அம்மூதாட்டி அதற்குள் மறைந்துவிட்டார்.

மூலத்தில் அப்பதிவு இருந்தது. பெயரும் ‘தோட்டம்’ என்றே தெரிந்தது. வேறுபாடு ‘தோ’வில் ஒளிந்திருந்தது. யூனிகோடு முறையில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பு, ஆகாரக் கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. இவற்றை நிகரானவையாகக் கொள்ளவேண்டும் என்பது யூனிகோட்டின் விதி. ஆனால் விண்டோஸின் கோப்புமுறை பெயர்களை அவ்வாறு ஒப்பிடுவதில்லை. ஒகர, ஔகாரக் குறிகளுக்கும் இதே நிலைதான். ஔகாரத்தில் ளகரத்தையே தட்டச்சிட்டு வைப்பாரும் உளர். அது நிகரும் அன்று, வெறும் பிழை.

இலக்கணம் உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொள்கிறது. கணினியோ ‘தமிழ்’ என்பதில் ஐந்து குறியீடுகளை எண்ணுகிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஆகவே மூன்றெழுத்துப் பெயர்தானே என்று ‘???’ இட்டுத் தேடினால் ‘தமிழ்’ என்னும் கோப்பு அகப்படாது. தொல்காப்பியம் கற்ற நமக்கு இது சற்றே வேடிக்கை.

பின்னர் டிர் கட்டளைக்கு இரு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கொடுத்தோம், விடுபட்டவை வந்தன. அவற்றின் பெயர்களை ஒற்றைக் குறியீட்டு வடிவத்திற்கு மாற்றினோம். பேட்ச் கோப்பிலிருந்து அழிக்கும் வரியை எடுத்துவிட்டோம். மூலத்திலும் படியிலும் உள்ள கோப்புகளை ஒருவர் கையால் எண்ணிப் பார்த்த பின்னரே இப்போது எதையும் நீக்குகிறோம்.