என்ன காகிதத்தில் திரும்பி வந்தார்?
(சங்கத்தின் மும்பை மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ரயில்வேயில் தண்டனையாக ஓர் ஊழியரை வீட்டுக்கு அனுப்ப ‘ரிமூவல்’ என்று ஒன்று உண்டு, ‘டிஸ்மிசல்’ என்று ஒன்று உண்டு. 1968-ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகள் இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கின்றன. உத்தரவை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் ஆளின் முகத்தைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் முதல் ஆள் பிறகு அரசு வேலைக்கு மனுப் போடலாம். இரண்டாவது ஆளுக்கு அந்தக் கதவு பெரும்பாலும் சாத்தியதுதான். இந்த பைல்களோடு மாரடிக்கிற நாங்கள், வளைகுடாவிலிருந்து திரும்பும் நம் பிள்ளைகளைப் பற்றியும் முதலில் கேட்பது அதே கேள்விதான்: என்ன காகிதத்தில் வந்தார்?

தாராவியிலும் ஆன்டாப் ஹில்லிலும் இதை யாரும் கேட்பதில்லை. “பிடித்தால் என்ன, ஊருக்குத்தானே அனுப்புவான்” என்று நாமே ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பேச்சு ஆபத்தானது.

சவூதியையே எடுத்துக்கொள்வோம். கணக்குத் தீர்த்து, பாஸ்போர்ட்டோடு ‘பைனல் எக்சிட்’டில் வந்தவர் புது விசாவில் மறுபடி போகலாம். தர்ஹீலில் அடைத்து, கைரேகை எடுத்து, நாடு கடத்தி அனுப்பப்பட்டவர் ஹஜ், உம்ராவுக்குப் போகலாமே தவிர வேலைக்குப் போக முடியாது. பெயரின் எழுத்தை மாற்றிப் புது பாஸ்போர்ட் எடுத்தால் போதும் என்று சொல்லும் ஏஜெண்டுகள் இன்னும் இருக்கிறார்கள். விரல் மாறுமா?

இரண்டுக்கும் நடுவே பொது மன்னிப்பு என்று ஒரு வாசல் சில சமயம் திறக்கிறது. 2017 மார்ச் 29 முதல் சவூதி 90 நாள் கொடுத்தது. அந்தக் கெடுவுக்குள் தாமாக முன்வந்து வெளியேறியவர்களுக்கு அபராதமும் இல்லை, கைரேகைத் தடையும் இல்லை. அமீரகம் 2024 செப்டம்பர் 1-இல் திறந்து, பிறகு நீட்டித்து, டிசம்பர் 31-இல் மூடியது. அப்படி ஓர் அறிவிப்பு வரும்போது “பார்க்கலாம், இன்னும் இரண்டு மாதம் சம்பாதித்துக்கொள்ளட்டும்” என்று இங்கிருந்து போனில் சொல்பவர்கள் நாம்தான். கெடு முடிந்த மறுநாள் பிடிபட்டால் அவர் வெறும் கைதி.

கல்லிவல்லி ஆவது எப்படி? ஓடிப்போவதால் மட்டும் என்று நினைக்கக் கூடாது. இகாமாவைப் புதுப்பிக்க வேண்டியவர் முதலாளி. அவர் புதுப்பிக்காவிட்டால் சட்டவிரோதமாவது தொழிலாளி! 2016-இல் ஜித்தாவில் சவூதி ஓஜர் கம்பெனியின் ஆட்கள் ஆயிரக்கணக்கில் மாதக்கணக்காகச் சம்பளம் இல்லாமல் முகாம்களில் கிடந்தார்கள். இகாமா காலாவதியானது அவர்கள் செய்த குற்றமா? அடுத்த ஆண்டு கம்பெனியே மூடப்பட்டது.

இன்னொன்று ‘ஹுரூப்’. ஆள் வேலைக்கு வராமல் ஓடிவிட்டான் என்று கபீல் எழுதிக் கொடுப்பது. இதில் அவருக்கு என்ன லாபம்? சவூதி தொழிலாளர் சட்டப்படி, முதலாளி கணக்கு முடித்து அனுப்பும்போது முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் வருடம் ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். ஆறு வருடம் உழைத்தவருக்கு மூன்றரை மாதச் சம்பளம் ஆகிறது. ஹுரூப் போட்டால் அது மிச்சம், சம்பள பாக்கியும் மிச்சம். நம் பகுதி வெல்டர் ஒருவர் தம்மாமில் ஆறு வருடம் இருந்தவர். தர்ஹீலில் அரபியில் இருந்த ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, உடுத்திய சட்டையோடு இறங்கினார். ‘எனக்கு வரவேண்டியது எல்லாம் வந்துவிட்டது’ என்பதுதான் அந்தத் தாள் என்று இங்கே வந்து நகலைப் படிக்கச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. இங்கே வட்டிக்கு வாங்கிய கடன் மட்டும் அப்படியே நிற்கிறது.

ஆகவே தாய்மார்களே, உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. பாஸ்போர்ட், இகாமா, ஒப்பந்தம், கடைசிச் சம்பளச் சீட்டு இவற்றின் போட்டோ உங்கள் போனில் இருக்கட்டும். இகாமா முடியும் தேதியைச் சுவர்க் காலண்டரில் குறித்து வையுங்கள். பாஸ்போர்ட் கபீலுடைய சொத்து இல்லை. 1967-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து. சிக்கல் என்றால் வெளியுறவு இலாகாவின் ‘மதத்’ தளத்தில் இங்கிருந்தே நீங்கள் புகார் பதியலாம். தூதரகத்தில் 2009 முதல் சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது. கதியற்றவருக்கு டிக்கெட், வக்கீல் உதவி அதிலிருந்து கிடைக்கும். சம்பள வழக்கு நடக்கும்போதே ஊர் திரும்ப நேர்ந்தால், தூதரகத்துக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். அவர்களிடம் கெஞ்ச வேண்டியதில்லை. அது நம் பணத்தில் நடக்கும் ஆபீஸ்.

விசிட் விசாவில் அனுப்பிவிட்டு இதையெல்லாம் தேடினால் பாதி கிடைக்காது. குடியகல்வு அனுமதியோடு போகிறவருக்குத்தான் 10 லட்ச ரூபாய் பிரவாசி பாரதிய பீமா. பிரீமியம் இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய். ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமோ 30,000 ரூபாயும் வரியும்தான். லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு 275 ரூபாய்க்குக் கணக்குப் பார்க்கிறோம்.

அவுட் பாஸில் வந்து இறங்கியவர் செய்ய வேண்டியது ஒன்று. அந்தக் காகிதம் ஒருவழிப் பயணத்துக்கு மட்டுமே. விமான நிலையத்தில் வாங்கிக்கொள்வார்கள். முன்னதாகவே போட்டோ எடுத்து வைக்க வேண்டும். புது பாஸ்போர்ட் மனுவில், முன்பு அவசரச் சான்றில் திரும்பினீரா, நாடு கடத்தப்பட்டீரா என்று கேட்கிறார்கள். ‘இல்லை’ என்று எழுதச் சொல்லும் ஆளை நம்பாதீர்கள். பொய்த் தகவலுக்கு இரண்டு வருடம் வரை சிறை உண்டு. மனுவை நிரப்பும் முன் ஞாயிற்றுக்கிழமை காலை சங்க அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். நாங்கள் உட்கார்ந்து நிரப்பித் தருகிறோம்.