தாவீதின் சங்கீதமும் தமிழர் நாவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மெட்ரிகுலேஷன் வரை கற்று, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தர் வேதநூலைப்பற்றிப் பேசுவதா எனச் சிலர் ஐயுறலாம். சமயப் பிரசாரம் எம் நோக்கமன்று. இந்த அவையில் தேவாரம் ஓதுவோர் உளர். திருப்பாவை பாடுவோர் உளர். ஞாயிறுதோறும் ஆலயம் செல்வோரும் உளர். ஊரை விட்டுப் பெயர்ந்த மக்களோடு பாட்டு எவ்வாறு உடன் செல்கிறது என்பதே நம் பொருள். அதற்குத் தாவீதின் சங்கீதங்களைப்போல் நீண்ட வரலாறு உடைய சான்று வேறொன்றை யாம் அறியோம்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். திருவனந்தபுரத்தில் சங்கீதம் என்றதும் பெரும்பாலோர்க்கு நினைவில் எழுவது நவராத்திரி மண்டபமும் சுவாதித் திருநாளின் கீர்த்தனங்களுமே. ஆனால் நாகர்கோவிலிலோ பாளையங்கோட்டையிலோ பிறந்த கிறித்தவ அன்பர் 'இருபத்து மூன்றாம் சங்கீதம்' என்பாராயின், அவர் குறிப்பது பழைய ஏற்பாட்டில் உள்ள 150 பாடல்களுள் ஒன்றை. எபிரேயர் இத்தொகுதியைத் 'தெஹில்லீம்', அதாவது புகழ்ச்சிகள், என்றனர். கிரேக்கர் இட்ட பெயர் நரம்புக் கருவியோடு பாடும் பாட்டைக் குறிப்பது. கேரளத்துச் சிரியன் கிறித்தவர் 'மஸ்மூர்' என்பர். தாவீது நபிக்கு அருளப்பெற்ற வேதம் 'ஸபூர்' என்று திருக்குர்ஆன் கூறுவதை நம் இசுலாமிய நண்பர்கள் அறிவார்கள். தமிழில் 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு இவற்றைத் 'திருப்பாடல்கள்' என்கிறது. அழகிய சொல்தான். ஆயினும் பழகிய நாவு சங்கீதத்தை விடுவதாக இல்லை.

எண்ணிலும் ஒரு குழப்பம் உண்டு. எபிரேய நூலில் 9, 10 எனத் தனித்து நிற்கும் இரு பாடல்களைக் கிரேக்க மொழிபெயர்ப்பு ஒன்றாக்கிற்று. அதனால் பழைய இலத்தீன் வரிசையைப் பின்பற்றிய கத்தோலிக்க நூல்களில் 23-ஆம் பாடல் 22 ஆயிற்று. இடையில் வேறு சில பாடல்களைச் சேர்த்தும் பிரித்தும், முடிவில் இரு வரிசையும் 150 என்றே நிறைவுறும். நடுவழியில் எண் மாறினும் சென்றடையும் நிலையம் ஒன்றாகும் வண்டிகளை நாள்தோறும் காணும் எமக்கு இதில் வியப்பொன்றும் தோன்றவில்லை.

இப்பாடல்கள் எருசலேம் தேவாலயத்தில் யாழொலியோடும் எக்காளத்தோடும் பாடப்பெற்றவை. லேவியர் என்னும் குலத்தார்க்கு அதுவே தொழில். நம் ஓதுவாரையும் நாகசுர மேளக்காரரையும் ஒருங்கே எண்ணிக்கொள்ளுங்கள். பல பாடல்களின் தலைப்பில் சில புதிரான குறிப்புகள் உள்ளன. ஒன்றின் தலைப்பு 'விடியற்காலத்துப் பெண்மான்' எனப் பொருள்படும். வேறு சிலவற்றில் 'லீலி மலர்கள்' என்றிருக்கும். பாட்டினுள் மானும் இல்லை, மலரும் இல்லை. அக்காலத்தில் யாவரும் அறிந்த வேறு பாட்டுகளின் முதற்சொற்களாக இவை இருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுவர். நம் கீர்த்தனைப் புத்தகங்களில் 'இன்ன பாட்டின் மெட்டு' என்று மேலே அச்சிடுவதில்லையா? அதுபோன்றதே. சங்கீதங்களில் 71 இடங்களில் வரும் 'சேலா' என்னும் சொல்லின் பொருளும் இன்றுவரை உறுதிப்படவில்லை. இசையை நிறுத்துக என்பதோ, உயர்த்துக என்பதோ!

கி.பி. 70-இல் உரோமானியர் அத்தேவாலயத்தை அழித்தனர். பாடகர் குலம் சிதறிற்று. துயரத்தின் அடையாளமாக யூதர் வழிபாட்டில் இசைக்கருவிகளை விலக்கினர். மரபு வழுவாத தொழுகைக்கூடங்களில் ஓய்வுநாளன்று இன்றும் கருவி இசை இல்லை. பிற்காலத்துப் புலவர்கள் திருநூலின் சொற்களுக்கு மேலும் கீழும் இசைக்குறிகள் இட்டனர். சங்கீதங்களுக்கெனத் தனிக் குறிகளே உண்டு. ஆனால் அக்குறிகளை எவ்வாறு பாடுவது என்பதைப் பெரும்பாலான யூதச் சமூகங்கள் மறந்துவிட்டன. ஏட்டில் குறி உண்டு. செவியில் ஒலி இல்லை.

இதனைக் கேட்கும்போது தில்லையில் செல்லரித்துக் கிடந்த தேவார ஏடுகள் நம் நினைவுக்கு வருகின்றன. ஏட்டை மீட்ட பின்னும் பண் தெரியாது தவித்தபோது, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியே பண்களை வகுத்துத் தந்தார் என்று திருமுறை கண்ட புராணம் கூறும். நமக்கு ஒரு பெண்மணி கிடைத்தார், எருசலேமுக்குக் கிடைக்கவில்லை.

மெட்டு மறைந்தும் பாட்டு எவ்வாறு நிலைத்தது? விடை அதன் யாப்பிலேயே உள்ளது. தமிழ்ச் செய்யுள் எதுகையாலும் மோனையாலும் நடப்பது. அதனை வேற்றுமொழியில் பெயர்த்தால் ஓசை உதிர்ந்துவிடும். எபிரேயப் பாட்டோ பெரிதும் கருத்தின் இணைப்பால் நடப்பது. முதற்பாதி ஒன்றைச் சொல்லும். மறுபாதி அதனையே வேறு சொல்லால் வலியுறுத்தும், அல்லது அதற்கு எதிரானதைச் சொல்லி விளக்கும். ஆங்கில அறிஞர் இராபர்ட் லௌத் 1753-இல் வெளியிட்ட சொற்பொழிவுகளில் இதனை விரித்துரைத்தார். இவ்விணைப்பு எம்மொழிக்குப் பெயர்ந்தாலும் உடன் வரும். வேதபுத்தகத்துத் தமிழ் உரைநடையேயாயினும் படிக்குங்கால் இருபுறமும் அசையும் ஊஞ்சலாக நம்மை ஆட்டுவது இதனால்தான். எல்லாம் தப்பிவிட்டன என்றும் சொல்வதற்கில்லை. 119-ஆம் சங்கீதம் எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துக்கும் எழுத்துக்கு எட்டாக 176 அடிகள் கொண்டது. நம் ஔவையின் ஆத்திசூடியைப்போல் அகரவரிசையில் அமைந்தது. தமிழில் 'ஆலெப்', 'பேத்' என எழுத்தின் பெயர் மட்டும் மேலே நிற்கிறது, வரிசையழகு போயிற்று.

இனி வழிபாட்டை நோக்குவோம். யூதர் 145-ஆம் பாடலை நாள்தோறும் மூன்றுமுறை ஓதுவர். 113 முதல் 118 வரையுள்ள ஆறும் திருவிழாக்களுக்குரியவை. 120 முதல் 134 வரையுள்ள பதினைந்தும் 'ஏறுதலின் பாடல்கள்'; மலைமேல் அமைந்த எருசலேமுக்கு யாத்திரை செல்வோர் வழிநடையில் பாடியவை என்பர். பழனிக்குக் காவடி சுமந்து செல்வோர்க்குச் சிந்து வழித்துணை ஆவதை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. கிறித்தவத் துறவியர் பெனடிக்டு முனிவரின் விதிப்படி 150-ஐயும் வாரம் ஒருமுறை பாடி முடித்தனர். ஆங்கிலத் திருச்சபை மாதம் ஒருமுறை ஓத வகுத்தது. ஜெனீவாவில் கால்வினைச் சார்ந்தோர் சங்கீதங்களைச் செய்யுளாக்கி, 1562-இல் முழுத் தொகுதியாக வெளியிட்டுச் சபையார் அனைவரும் பாடச் செய்தனர்.

தமிழுக்கு இவை வந்த வழி தரங்கம்பாடி. சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை 1715-இல் தமிழில் அச்சிட்டார். பழைய ஏற்பாட்டில் ரூத் ஆகமம் வரை பெயர்த்து 1719-இல் மறைந்தார். சுல்ட்சு எஞ்சியதை முடித்தார். பின்னர் சென்னை வேப்பேரியில் இருந்து பெப்ரீசியுஸ் பெயர்த்த நடையைத் தமிழ் லுத்தரன் சபையார் நெடுங்காலம் கைவிடவில்லை. 1871-இல் பவர் ஐயர் தலைமையில் நிறைவுற்ற ஐக்கிய மொழிபெயர்ப்பே பின்னர் பரவிற்று. அதில் 150-ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள்: வீணை, சுரமண்டலம், தம்புரு, யாழ், தீங்குழல், கைத்தாளம் எனத் தமிழரங்கின் கருவிகள் வரிசையாக வந்து நிற்கும். எபிரேயத்தில் தம்புருவின் இடத்தில் இருப்பது கையால் தட்டும் தோற்கருவி; நாம் அறிந்த தம்புருவோ நரம்புக் கருவி. பிழை என்பார் என்க. எமக்கு இது குடிபெயர்ந்தவர் புது ஊரின் உடை உடுத்தியது போலவே தோன்றுகிறது.

உடையோடு நில்லாமல் இராகத்தையும் தந்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). திருநெல்வேலியிற் பிறந்து, சுவார்ட்சு ஐயரிடம் கற்று, சரபோஜி மன்னரோடு நட்புப் பூண்டவர். பெத்லகேம் குறவஞ்சி பாடிய அவருடைய கீர்த்தனைகள் கருநாடக இசையில் அமைந்தவை. ரேனியுஸ் ஐயர் வேதநூல் நடையைத் திருத்தியபோது, பழகிய சொல்லை மாற்றலாகாது என எதிர்த்து நின்றவரும் அவரே. ஐரோப்பிய மெட்டில் தமிழ்ச் சொல்லைத் திணித்தால் குறில் நெடிலாகும், நெடில் குறிலாகும். கேட்போர்க்குச் சிரிப்பு வரும். அக்குறையை நீக்கியது கீர்த்தனை. இரட்சணிய யாத்திரிகம் பாடிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை இந்நகரத்து மகாராஜா கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் என்பது நமக்குப் பெருமை.

தென் திருவிதாங்கூரின் கதையும் இதனோடு சேர்ந்ததே. மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம் தஞ்சை சென்று திரும்பியதன் பயனாக 1806-இல் ரிங்கல்தௌபே வந்தார். இலண்டன் மிஷன் வளர்ந்தது. தமிழ்ச் சங்கீதமும் வளர்ந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. எல்லைக்கு இப்பால் பணிக்காக வந்தவர்களும் நின்றவர்களுமே இன்று இவ்வரங்கில் அமர்ந்திருக்கிறோம்.

137-ஆம் சங்கீதம் நமக்காகவே பாடப்பெற்றதோ என்று தோன்றும். கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் பாபிலோனுக்குச் சிறைபோன யூதரை நோக்கிச் சிறைபிடித்தோர், உங்கள் ஊர்ப் பாட்டைப் பாடுங்கள் என்கின்றனர். அவர்களோ கின்னரங்களை ஆற்றங்கரை மரங்களில் தொங்கவிட்டு, அந்நிய மண்ணில் எப்படிப் பாடுவோம் எனக் கலங்குகின்றனர். எபிரேயத்தில் 'கின்னோர்', தமிழில் கின்னரம். மரத்திற்கு நம் மொழிபெயர்ப்பாளர் இட்ட பெயர் அலரி, நம் வேலியோரத்து அரளி. விந்தை யாதெனில், பாட இயலாது என்ற சொல்லே பாட்டாகி நிலைத்துவிட்டது. அதன் இறுதி அடிகள் பகைவரின் குழந்தைகளையும் சபிக்கும் கொடுமை உடையன. கத்தோலிக்கர் 1970-களில் திருத்திய வழிபாட்டு நூலில் அவற்றை நீக்கினர். துன்பப்பட்டோர் வாயில் நல்ல சொல் மட்டுமே வரும் என எதிர்பார்ப்பது முறையன்று. எனினும் குழந்தைகளைக் கொண்டு பாடுவிக்கும்போது நீக்குவதே நன்று என்பது எம் கருத்து.

நம் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த பரதேசி யூதப்பள்ளியை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். கொச்சி யூதர் தொழுகையில் எபிரேயச் சங்கீதங்களை ஓதினர். அவர்தம் பெண்டிரோ வேதக் கதைகளை மலையாளத்திலேயே பாட்டாகப் பாடினர். மலையாள எழுத்தில் நோட்டுப் புத்தகங்களில் எழுதிப் பெண்மக்களுக்குக் கொடுத்தனர். 1950-களில் பெரும்பாலோர் இசுரேலுக்குக் குடிபெயர்ந்தனர். நோட்டுகளும் பெட்டிகளில் சென்றன. அங்குப் பிள்ளைகள் எபிரேயம் பேசினர், மலையாளம் தேய்ந்தது. ஆயினும் நோட்டும் நாவும் இருந்தமையால், பின்னாளில் ஆய்வாளர்கள் மூதாட்டியரிடம் கேட்டு அப்பாடல்களைத் தொகுக்கவும் ஒலிப்பதிவு செய்யவும் முடிந்தது.

இவ்விடத்தில் நம் வீட்டுக் காரியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் காலனியில் பள்ளி செல்லும் மகளிர் சிலரின் பாட்டு நோட்டுகளை வாங்கிப் பார்த்தோம். தேவாரமும் கீர்த்தனையும் தமிழ்; எழுத்து மலையாளம். நாம் ஒரே எழுத்தால் எழுதும் ககரத்திற்கு இரண்டு எழுத்து இட்டிருக்கின்றனர், ஒலி வழுவவில்லை. பெற்றோர் சிலர் இதனை இழிவெனக் கருதி நோட்டை மறைத்தனர். மறைக்க வேண்டுவதில்லை. பாடும் நாவு இருக்கும்போது எழுத்தைப் பின்னர் கற்பிக்கலாம். நாவு ஓய்ந்தபின் எழுத்து மட்டும் இருந்தால் 'சேலா'வின் கதிதான்.

நம் சங்கத்தின் ஞாயிறு மாலைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகள் குறைந்துவருகின்றனர். மூடிவிடலாமா என்று செயற்குழுவிலேயே பேச்சு எழுந்தது. அரிச்சுவடியை ஆறு திங்கள் ஒதுக்கி வைத்து, பாட்டிலிருந்து வகுப்பைத் தொடங்குவோம் என முன்மொழிந்துள்ளோம். எச்சமயத்தார் பாட்டாயினும் ஆகுக. மலையாள எழுத்தில் உள்ள பாட்டின் எதிர்ப்பக்கத்தில் அதனையே தமிழில் எழுதுவது முதற்பாடம். வரும் பொதுக்குழுவில் இது முடிவாகும். தாய்மார்கள் தவறாது வர வேண்டும். கோடிட்ட நோட்டுகள் வாயிலருகே மேசைமேல் உள்ளன. செல்லும்போது வீட்டுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள்.