'ஃபேர்' என்றால் சிவப்பா?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆங்கில ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



மணிமங்கலத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 'ஃபேர்' என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் கேட்டால் முதலில் வரும் விடை 'பிளாக்'. 'அன்ஃபேர்' கடைசியில்தான் வரும். உங்கள் பள்ளியிலும் கேட்டுப் பாருங்கள்.

அதைத் தவறென்று அடித்துவிட முடியாது. பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு 'அழகான' என்பதே பொருள். வெளிர்நிறமும் நேர்மையும் பின்னால் வந்து சேர்ந்தவை. ஆனால் நம் பிள்ளைகளுக்கு அதைக் கற்பித்தது அகராதி அல்ல, முகப்பூச்சு விளம்பரம். 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் 'குளோ அண்ட் லவ்லி' ஆகிவிட்டது. மணமகள் தேவை விளம்பரத்தில் 'ஃபேர்' இன்னும் இருக்கிறது. 'பிளாக்' என்று ஒருவன் சொன்னதும் வகுப்பே ஒரு பெண்பிள்ளையைத் திரும்பிப் பார்க்கும். அப்போது நாம் அடுத்த சொல்லுக்குத் தாவக் கூடாது.

நான் விளையாட்டுத் திடலிலிருந்து தொடங்குகிறேன். "மிஸ், இவன் அழுகுணி ஆட்டம் ஆடுறான்" என்று தினமும் ஒரு வழக்கு வருகிறதே, அதுதான் 'அன்ஃபேர்'. அம்பயராக நின்ற அண்ணன் தன் தம்பிக்கு மட்டும் அவுட் கொடுக்கவில்லை என்றால் அது ஓரவஞ்சனை, 'பார்ஷியல்'. 'பயஸ்' என்பதற்குச் சாய்வு என்று பொருள். தையற்கடையில் துணியைக் கிராஸாக வெட்டுவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். நம்மிடமும் 'கோடுதல்' என்றால் வளைதல். நடுவுநிலை தவறுதலும் அதுவே. இரண்டு மொழியிலும் ஒரே படம் என்று காட்டினால் பிள்ளைகள் மறப்பதில்லை. 'அன்ஜஸ்ட்' கனமான சொல், சட்டத்துக்கும் தீர்ப்புக்கும் உரியது. பென்சிலை எடுத்தவனை அப்படிச் சொன்னால் சிரிப்புத்தான் வரும்.

'டிஸ்கிரிமினேஷன்' வரும்போது அரசியலமைப்பின் 15ஆவது பிரிவை எடுத்துக்கொள்வேன். மதம், இனம், சாதி, பாலினம் ஆகியவற்றோடு பிறந்த இடத்தை வைத்தும் அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் நம் பெஞ்சுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் இருந்தும் 'இந்திக்காரன்' என்றே கூப்பிடுகிறார்கள். 'பிறந்த இடம்' என்ற சொற்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நிற்பேன்.

இந்த ஆண்டு ஒரு மாணவன் எழுந்தான். "எங்க அப்பா ஆறு வருஷமா கான்ட்ராக்ட்லயே இருக்காரு. அது அன்ஃபேரா, அன்ஜஸ்ட்டா மிஸ்?"

அவன் அப்பா விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் 2025 வரை நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் ஐந்தாம் அட்டவணை முழுவதுமே 'அன்ஃபேர்' என்ற சொல்லின்கீழ் வந்த பட்டியலாகத்தான் இருந்தது என்றேன். நிரந்தரப் பணியாளருக்குரிய உரிமைகள் கிடைக்காமல் செய்யும் நோக்கத்தோடு ஒருவரை ஆண்டுக்கணக்கில் தற்காலிகமாகவே வைத்திருப்பதும் அதில் இருந்தது. அந்த வரியை ஆங்கிலத்தில் எழுதிப் போட்டேன். அதிலுள்ள 'ஆப்ஜெக்ட்' என்பதற்குப் 'பொருள்' என்று அவன் நோட்டில் எழுதியிருந்தான். 'நோக்கம்' என்று மாற்றச் சொல்லி, ஒருவருடைய நோக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பேசியதிலேயே அன்றைய பாடவேளை முடிந்தது.